பிழை எண் 53

டிவி அலமாரியின் மூலையில், ரவுட்டருக்குப் பக்கத்தில், இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளைச் சுமந்தபடி ஒரு கறுப்புப் பெட்டி. கல்யாண வீடியோ, பிள்ளைகளின் பிறந்தநாள் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன், பழைய பாட்டுகள் எல்லாம் அதற்குள்தான். ஒரு கேபிளால் ரவுட்டரோடு சேர்த்துவிட்டால் போதும். லேப்டாப், கைபேசி, டிவி எதிலிருந்தும் அந்தக் கோப்புகளைத் திறக்கலாம். வலைச் சேமிப்பகம் எனலாம். கடையில் கேட்கும்போது ‘நாஸ்’ என்றால்தான் எடுத்துத் தருவார்கள்.

ஒருநாள் லேப்டாப்பில் அதைச் சொடுக்கினால் பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்து, கடைசியில் பாதையைக் காணவில்லை என்று விண்டோஸ் கைவிரிக்கிறது. கட்டளைத் திரையில் முயன்றால் அதே பதில் இன்னும் சுருக்கமாக வருகிறது: பிழை எண் 53. யூடியூப் ஓடுகிறது, வாட்ஸாப் வருகிறது. கடல் தாண்டி இருக்கும் சர்வர் நொடிக்குள் பதில் சொல்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பெட்டியை மட்டும் காணோமாம்.

சொடுக்குவதற்கும் ஃபோல்டர் திறப்பதற்கும் நடுவே லேப்டாப்பும் பெட்டியும் வரிசையாகப் பல உரையாடல்களை நடத்தி முடிக்கின்றன. கம்பி இருக்கிறதா? உன் எண் என்ன? பெயர் என்ன? எந்த மொழி பேசுவாய்? நீ யார்? உனக்கு அனுமதி உண்டா? எல்லாம் ஒழுங்காக இருக்கும் வீட்டில் இத்தனையும் ஒரு நொடிக்குள் நடந்துவிடும். எந்தப் பேச்சு எங்கே அறுந்தாலும் நம் திரைக்கு வருவது பெரும்பாலும் அதே ஒற்றை வரிதான். அதனால் பழுது பார்ப்பதென்றால், பேச்சு எந்தப் படியில் நின்றது என்று கீழிருந்து மேலாகக் கேட்டுக்கொண்டே போவதுதான். இதில் அவசரமே தேவையில்லை. இணைப்பு போனதால் கோப்பு போய்விடாது, அவசரப்பட்டால்தான் போகும். பெட்டியின் பின்புறம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதற்குள் இருப்பது ரீசெட் பொத்தான். சில மாடல்களில் சில விநாடி அழுத்தினாலே நிர்வாகியின் கடவுச்சொல்லும் வலை அமைப்புகளும் அழிந்துவிடும். நீண்ட நேரம் அழுத்தினால் மொத்தத்தையும் புதுசாக நிறுவச் சொல்லும். அந்தத் துளைப் பக்கமே போகாதீர்கள்.

முதல் படி மின்சாரம். விளக்குதான் எரிகிறதே என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். விளக்கு எரியத் துளி மின்சாரம் போதும். டிஸ்க் எழுந்து சுழலத்தான் பலம் வேண்டும். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று ஓட்டத்தில் இருக்கும்போது 5, 6 வாட்டோடு திருப்தியாகிவிடும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் சில விநாடிகளுக்கு மட்டும் 20 வாட்டுக்கு மேல் கேட்கும். பல வருடம் சூட்டில் கிடந்து, உள்ளே மின்தேக்கிகள் தளர்ந்துபோன அடாப்டர் அந்தச் சில விநாடிகளைத் தாங்காது. டிஸ்க் உறுமும், நிற்கும், மறுபடி உறுமும். பெட்டி மட்டும் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும். காதை வைத்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

அந்த உறுமலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 7200 சுற்று வேகத்தில் தட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டரில் ஓடுகிறது. அதற்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில் படிப்புமுனை மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் அந்த இடைவெளியைப்போல் பத்தாயிரம் மடங்கு இருக்கும். சரி, திடீரென்று கரண்ட் போனால்? முனை தட்டில் விழுந்து உரச வேண்டுமே! விழாது. அதுவரை தட்டைச் சுழற்றிக்கொண்டிருந்த மோட்டார் அந்த நொடியே ஜெனரேட்டராக மாறிவிடும். தட்டின் மிச்சச் சுழற்சியிலிருந்து மின்சாரம் எடுத்து, அதைக் கொண்டே முனைகளைப் பத்திரமான ஓரத்துக்கு இழுத்து நிறுத்திவிடும்.

அடுத்தது கேபிள். ஈதர்நெட் கேபிளைச் சொருகும் துளைக்குப் பக்கத்தில் பொடி விளக்கு ஒன்று உண்டு. அது எரியாவிட்டால் மேலே எதைப் பற்றியும் யோசிக்க வேண்டாம். கேபிளைச் சொருகியதும் இரு முனைகளும் நொடிக்குச் சுமார் 60 முறை சின்னச் சின்ன மின்துடிப்புக் கொத்துகளை அனுப்புகின்றன. ‘எனக்கு 100 மெகாபிட் தெரியும், 1000 மெகாபிட் தெரியும், ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் தெரியும்’ என்ற தகவல் அதில் பொதிந்திருக்கும். இரு பக்கமும் ஒப்புக்கொண்ட உச்ச வேகம் எதுவோ அதுவே தீர்ப்பு.

கேபிளின் தோலை உரித்தால் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு இணைகள்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொரு இணையின் முறுக்கும் வேறு நெருக்கத்தில் இருக்கும். ஒரே அளவாக முறுக்கினால் பக்கத்து இணையின் பேச்சு இதில் கசியும். ஓர் இணையின் இரு கம்பிகளிலும் ஒரே சமிக்ஞை எதிரெதிராக ஓடும்; வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒரேபோல் தாக்குவதால், மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் காணாமல் போய்ச் சமிக்ஞை மட்டும் நிற்கும். கிகாபிட் வேகத்தில் இன்னொரு துணிச்சலும் சேர்கிறது. நான்கு இணைகளிலும் இரு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே கம்பியில் பேசுகின்றன. தான் அனுப்புவது என்ன என்று தனக்குத் தெரியுமல்லவா? கேட்டதிலிருந்து அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை எதிராளியின் பேச்சாக எடுத்துக்கொள்கிறது. இதை நொடிக்கு 12.5 கோடி முறை செய்கிறது.

இதிலிருந்து ஒரு துப்பும் கிடைக்கிறது. 100 மெகாபிட் வேகத்துக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். கிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் வேண்டும். எலி நீலக் கம்பியை மட்டும் கடித்திருந்தால் இணைப்பு போகாது. பல பெட்டிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். 36 விநாடியில் வந்த 4 ஜிபி படம் ஆறு நிமிடம் எடுக்கும். ‘முன்னைவிட மெதுவாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் மாற்றச் சொல்வது கேபிளைத்தான். பாதிக்கு மேல் அதிலேயே தீர்ந்துவிடும்.

கம்பி உயிரோடு இருக்கிறது. இப்போது பெட்டிக்கு ஓர் எண் வேண்டும், அதாவது ஐபி முகவரி. கிளம்பி வரும்போது அதற்குத் தன் எண்ணும் தெரியாது, எண் கொடுப்பவர் யாரென்றும் தெரியாது. முகவரியே இல்லாத ஒன்று எப்படிக் கடிதம் எழுதும்? இதற்கு 1993-ல் ஒரு முறை வகுத்தார்கள். டிஹெச்சிபி என்று பெயர். அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும், பெறுநர் இடத்தில் 255.255.255.255, அதாவது ‘எல்லோருக்கும்’ என்றும் எழுதி, ‘யாராவது எனக்கு எண் கொடுங்கள்’ என்று பெட்டி கூவுகிறது. ரவுட்டர் ஓர் எண்ணை நீட்டுகிறது. ‘அதையே எடுத்துக்கொள்கிறேன்’ என்கிறது பெட்டி. ‘சரி, உனக்குத்தான்’ என்று ரவுட்டர் முடிக்கிறது. நான்கே வாக்கியம்.

கிடைத்த எண் சொந்தமில்லை. லாட்ஜில் எடுத்த அறை மாதிரி, தவணைக்குத்தான். தவணையில் பாதி கழிந்ததுமே பெட்டி கவுன்டருக்குப் போய் நீட்டித்துக்கொள்ளும். காலி செய்து போனவர் திரும்பி வந்து பழைய அறையையே கேட்டால், அது காலியாக இருந்தால் கிடைக்கும். இல்லையென்றால் வேறு சாவி. ரவுட்டர் அணைந்து எழும்போது பல மாடல்களில் யாருக்கு எந்த அறை கொடுத்தோம் என்ற பேரேடே அழிந்துபோகும். நேற்றுவரை 192.168.1.20-ல் இருந்த பெட்டி இன்று 192.168.1.34-ல் இருக்கும். லேப்டாப்பில் நீங்கள் செய்துவைத்த குறுக்குவழியோ இன்னும் 20-ஐத் தட்டிக்கொண்டிருக்கும். வீடுகளில் பிழை எண் 53 வர இதுதான் அடிக்கடி காரணம் என்பது என் எண்ணம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘இந்தப் பெட்டிக்கு எப்போதும் இந்த எண்’ என்று ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது. ஒதுக்குவதற்குப் பெட்டியின் மேக் முகவரியைக் கேட்கும். அது தயாரிக்கும்போதே பொறித்த 48 பிட் எண், பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். 48 பிட்டில் 281 லட்சம் கோடி எண்கள் அடங்கும். உலகில் எந்த இரு கருவிக்கும் ஒரே எண் வராதபடி நிறுவனங்களுக்கு அவற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

மின்வெட்டு இதில் இன்னொரு வேடிக்கை காட்டும். கரண்ட் திரும்பியதும் ரவுட்டரும் பெட்டியும் ஒரே நொடியில் எழத் தொடங்குகின்றன. ரவுட்டர் முழுதாக விழிக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பெட்டி எழுந்து எண் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. சும்மா நிற்பதைவிட ஏதாவது ஓர் எண் இருக்கட்டும் என்று தானே ஒன்றை வைத்துக்கொள்ளும். அது எப்போதும் 169.254 என்றே தொடங்கும். இதற்கென்றே ஒதுக்கிய 65,024 எண்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து, ‘இந்த எண் யாரிடமாவது இருக்கிறதா?’ என்று கேட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் உட்கார்ந்துகொள்ளும். பெட்டிக்கு நிம்மதி. ஆனால் 192.168 எண்ணோடு இருக்கும் உங்கள் லேப்டாப்புக்கு அது வேறு உலகம். பல பெட்டிகள் பின்னணியில் ரவுட்டரைத் தேடிக்கொண்டே இருந்து பிறகு சேர்ந்துகொள்ளும். எல்லாமே அத்தனை பொறுமைசாலிகள் அல்ல. ரவுட்டரின் விளக்குகள் நிலைபெற்ற பிறகு பெட்டியை மட்டும் முறைப்படி நிறுத்திக் கிளப்பினால் பிரச்சினை முடிந்துவிடும்.

இதே 169.254 ஒரு மீட்புக் கயிறும் ஆகும். ரவுட்டரே பழுதாகி, அவசரமாக ஒரு கோப்பு வேண்டுமென்றால், லேப்டாப்பையும் பெட்டியையும் ஒரே கேபிளால் நேராக இணையுங்கள். எண் கொடுக்க நடுவில் யாரும் இல்லாததால் ஒரு நிமிடத்தில் இரண்டுமே 169.254-க்குப் போய், ஒன்றையொன்று கண்டுகொள்ளும். பெட்டிக்கு நீங்களே நிலையான எண் எழுதி வைத்திருந்தால் மட்டும் இது பலிக்காது.

எண் தெரிந்ததும் செய்ய வேண்டியது பிங். கட்டளைத் திரையில் பிங் என்று அடித்து எண்ணைக் கொடுத்தால், ஒரு சின்னப் பொட்டலம் போய்த் திரும்பி வர எவ்வளவு நேரமானது என்று சொல்லும். வீட்டுக்குள் கேபிள் வழியே ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அமெரிக்க ராணுவத்தின் எறிபொருள் ஆய்வுக்கூடத்தில் இருந்த மைக் மூஸ், 1983 டிசம்பரில், கோளாறு செய்த வலை ஒன்றை ஆராய எழுதிய குட்டி நிரல் இது. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனாரின் ஒலியைத்தான் பெயராக வைத்தார். அவர் காதுக்கு வந்த ஒரு கதையைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு நிர்வாகியின் கட்டடத்தில் இணைப்பு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. பிங்குக்குப் பதில் வரும்போதெல்லாம் கணினி ‘பிங்’ என்று வாய்விட்டுச் சொல்லும்படி செய்து, அதை ஸ்டீரியோவில் உச்ச ஒலியில் வைத்தார். நொடிக்கொரு ‘பிங்’ கட்டடமெங்கும் கேட்டது. அவர் ஒவ்வொரு இணைப்பியாக ஆட்டிக்கொண்டே நடந்தார். எந்த இணைப்பியைத் தொட்டபோது சத்தம் நின்றதோ, அதுதான் குற்றவாளி. கருவியில்லாமல் காதால் பழுது பார்த்த கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

பிங்குக்குப் பதில் வரவில்லை, ஆனால் பெட்டிக்கு எண் இருக்கிறது என்றால், இரண்டும் ஒரே வலையில்தான் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இது அபத்தமான கேள்வியாகத் தோன்றும். வீடே ஒன்று, வலை எப்படி இரண்டாகும்? நம் வீடுகளில் தாராளமாக ஆகும். பிராட்பேண்ட் நிறுவனம் மாட்டிச் சென்ற ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். சிக்னல் படுக்கையறைக்கு வரவில்லை என்று கடையில் வாங்கிச் சேர்த்தது இரண்டாவது ரவுட்டர். ஒன்று 192.168.1 என்று தொடங்கும் எண்களைக் கொடுக்கும், மற்றது 192.168.0 என்று. லேப்டாப் முதலாவதில், நாஸ் பெட்டி இரண்டாவதில்.

ஒரு கணினி தன் எண்ணின் முதல் மூன்று பகுதிகளை எதிராளியின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்றாக இருந்தால் எதிராளி நம் வலைக்காரர், ‘192.168.1.20 யார்? உன் மேக் முகவரியைச் சொல்’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி நேராகக் கேட்கும். டேவிட் பிளம்மர் 1982-ல் எழுதி வைத்த வழக்கம் இது; இன்றும் உங்கள் வீட்டில் அன்றாடம் நடந்துகொண்டிருக்கிறது. மூன்று பகுதிகளும் ஒன்றாக இல்லையென்றால் கேட்காமலே பொட்டலத்தை ரவுட்டரிடம் தள்ளிவிடும். இங்கேதான் விநோதம். உள் ரவுட்டரில், அதாவது இரண்டாவதில், இருக்கும் லேப்டாப் வெளி ரவுட்டரில் இருக்கும் நாஸை எண்ணைச் சொல்லி அழைத்தால் பொட்டலம் போய்விடும். உள்ளிருந்து வெளியே போவதை ரவுட்டர் தடுப்பதில்லை. நாஸ் உள்ளே, லேப்டாப் வெளியே என்று மாற்றி வைத்தால் போகாது. ஒரே இரு கருவிகள், இடம் மாறினால் ஒன்று நடக்கிறது, மற்றது நடப்பதில்லை. இரண்டாவது ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ நிலைக்கு மாற்றிவிட்டால் அது எண் கொடுக்கும் வேலையை விட்டு வெறும் வைஃபை கம்பமாகிவிடும். வீடு மறுபடி ஒரே வலையாகும். விருந்தினருக்கான வைஃபையில் லேப்டாப் சேர்ந்திருந்தாலும் இதே கதைதான். வீட்டுக் கருவிகளைப் பார்க்க விடாமல் தடுப்பதற்கென்றே அதை வைத்திருக்கிறார்கள். அலுவலக விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் பொட்டலம் பக்கத்து அலமாரிக்குப் பதிலாக அலுவலகத்துக்குப் போயிருக்கவும் கூடும்.

எண்ணால் கிடைக்கிறது, பெயரால் கிடைக்கவில்லை என்றால் சிக்கல் வேறு படியில். இணையத்தில் பெயரை எண்ணாக்கித் தரப் பெரிய சர்வர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உங்கள் பெட்டிக்கு நீங்கள் வைத்த ‘குடும்பப்பெட்டி’ என்ற பெயர் தெரியாது. வீட்டுக்குள் பெயர் கண்டுபிடிக்க, கருவிகள் ஒன்றையொன்று நேராக விசாரித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸின் பழைய முறையில் பெயருக்கு 15 எழுத்துதான் இடம். ஆசையாக நீளப் பெயர் வைத்தவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள். அந்த முறையில் வலையிலுள்ள கணினிகள் தமக்குள் தேர்தல் நடத்தி, ஒன்றைத் தலைவராக்கி, யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை அதனிடம் ஒப்படைத்தன. தலைவர் சொல்வதுதான் பட்டியல். அணைத்துவிட்ட கணினியின் பெயர் அரை மணிக்கு மேலும் அதில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆப்பிளின் ஸ்டூவர்ட் செஷயர் முன்னெடுத்த முறையில் தலைவரே இல்லை. 224.0.0.251 என்ற எண்ணுக்கு அனுப்பினால் அதைக் கேட்க விரும்பும் கருவிகள் எல்லாம் கேட்கும். ‘குடும்பப்பெட்டி யார்?’ என்று அங்கே கேட்டால், அந்தப் பெயருள்ள பெட்டி தானே பதில் சொல்லும். மற்ற கருவிகளும் அந்தப் பதிலைக் காதில் வாங்கிக் குறித்துக்கொள்ளும். தனக்கும் தேவைப்படும்போது கேட்க வேண்டியதில்லை. அச்சு இயந்திரமும் டிவியும் ஒருவரும் சொல்லாமலே உங்கள் கைபேசியில் தோன்றுவதன் ரகசியம் இதுதான். வைஃபை வழியே இந்தப் பொதுக் கூவல்கள் சரியாகக் கடந்து வராத ரவுட்டர்களும் உண்டு. அங்கே பெட்டி பட்டியலில் தெரியாது. எண்ணைத் தட்டச்சு செய்தால் உடனே திறக்கும். பட்டியலில் இல்லை என்பதால் பெட்டி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

எண் கிடைத்தது, பிங் பதில் சொல்கிறது, இன்னும் ஃபோல்டர் திறக்கவில்லையா? இனி மொழிப் பிரச்சினை. விண்டோஸ் கோப்புகளைப் பகிரப் பேசும் மொழி எஸ்எம்பி. 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் வடிவமைத்தது. உங்கள் நாஸ் பெட்டிக்குள் இருப்பதோ அநேகமாக லினக்ஸ். அது எப்படி விண்டோஸின் மொழியைப் பேசுகிறது? கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 கடைசியில் அதைக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் இலக்கணப் புத்தகம் எதுவும் இல்லை. இரு கணினிகள் பேசும்போது கம்பியில் ஓடும் பொட்டலங்களை ஒட்டுக்கேட்டு, இதைச் சொன்னால் அது நடக்கிறது என்று ஊகித்து, அதேபோல் பதில் சொல்லும் நிரலை எழுதினார். பிரெஞ்சு தெரியாத ஒருவர் பிரெஞ்சு உணவு விடுதியில் உட்கார்ந்து, யார் என்ன கேட்கிறார்கள், மேசைக்கு என்ன வருகிறது என்று கவனித்தே மொழி கற்பதாக இந்த முறையைப் பின்னர் அவரே விளக்கினார். எழுதிவிட்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டு அதை மறந்தே போனார். மனைவியின் விண்டோஸ் கணினியைத் தன் லினக்ஸோடு சேர்க்க வேண்டி வந்தபோது எடுத்துப் பார்த்தால், வேலை செய்தது. வைத்த பெயருக்கு வேறொருவர் உரிமை கொண்டாடியதால், எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் கணினியைக் கொண்டே தேடச் செய்தார். கிடைத்ததுதான் ‘சாம்பா’. இன்று கடையில் வாங்கும் வீட்டு நாஸ்களில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது அந்த மாணவரின் நிரலிலிருந்து வளர்ந்ததுதான்.

அந்த மொழியின் முதல் வட்டார வழக்கான எஸ்எம்பி 1-ல் ஓட்டை ஒன்று இருந்தது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீநிரல் அதன் வழியே புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பின் சில வகைகள், புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1-ஐச் சேர்ப்பதையே நிறுத்தின. பழைய கணினியை மேம்படுத்தியவர்களுக்கோ ஒரு நுட்பமான ஏற்பாடு: 15 நாள் யாரும் அந்த மொழியைப் பயன்படுத்தவில்லை என்றால் அது தானாகவே நீங்கிவிடும். கணினி அணைந்திருந்த நாட்கள் கணக்கில் வராது. எஸ்எம்பி 1 மட்டும் பேசத் தெரிந்த பழைய நாஸ் வைத்திருந்தவர்களின் வீட்டில் நடந்ததை ஊகித்துக்கொள்ளலாம். அவர்கள் ஒன்றையும் தொடவில்லை, ஒருநாள் காலை பெட்டி ‘காணாமல்’ போயிருந்தது. தலைவரைத் தேர்ந்தெடுத்த அந்தப் பழைய பட்டியல் முறையும் எஸ்எம்பி 1-ஐ நம்பியே இருந்ததால் அதுவும் சேர்ந்தே மறைந்தது.

இதற்கு மருந்தாகப் பழைய மொழியை விண்டோஸில் மறுபடி நிறுவச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். செய்யாதீர்கள். பெட்டியின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்து, அதன் மென்பொருளைப் புதுப்பித்து, எஸ்எம்பி 2 அல்லது 3-ஐ இயக்குங்கள். அதற்கு வழியே இல்லாத பெட்டியென்றால் கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு ஓய்வு கொடுத்துவிடலாம். 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு இன்னொரு கதவையும் சாத்தியது. கடவுச்சொல் கேட்காமல் ‘விருந்தாளி’யாக உள்ளே விடும் பெட்டிகளை அதன் புரோ வகை இயல்பாகவே ஏற்பதில்லை. பெட்டியில் உங்களுக்கென்று ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கினால் போதும்.

கடவுச்சொல் என்றதும் ஒரு சந்தேகம் வர வேண்டும். அதைக் கம்பியில் அனுப்பினால் டிரிட்ஜெல் கேட்டதுபோல் வேறு யாரும் கேட்கலாமே? அனுப்புவதே இல்லை. பெட்டி ஒவ்வொரு முறையும் புதிதாக 8 பைட் நீளத்துக்கு ஓர் எண்ணை நீட்டுகிறது. லேப்டாப் அதையும் உங்கள் கடவுச்சொல்லின் அரைத்த வடிவத்தையும் ஒரு கணக்கில் கலந்து, விடையை மட்டும் அனுப்புகிறது. பெட்டி தன்னிடமுள்ளதைக் கொண்டு அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடை ஒன்றானால் கதவு திறக்கும். ஒட்டுக்கேட்டவரிடம் மிஞ்சுவது இன்னொரு முறை செல்லாத ஒரு விடை.

இந்தப் படிக்கு வந்துவிட்டால் பிழை எண்ணும் மாறியிருக்கும். அதைக் கவனிப்பது பாதி வேலை. 53 என்றால் பெட்டியை அடையவே முடியவில்லை. 67 என்றால் பெட்டி கிடைத்துவிட்டது, அந்தப் பெயரில் ஃபோல்டர் இல்லை. எழுத்துப்பிழையாக இருக்கலாம், உள்ளே டிஸ்க் ஒன்று படுத்திருக்கவும் கூடும். 1326 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 5 என்றால் நீங்கள் யாரென்று தெரிந்துகொண்டுதான் உள்ளே விட மறுக்கிறது. கடைசியாக 1219. ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரு வேறு பயனர் பெயர்களில் போக விண்டோஸ் சம்மதிக்காது. மகனின் பெயரில் ஏற்கெனவே திறந்திருந்தால் அப்பாவின் பெயர் செல்லாது. அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. முதலில் பெயரால் திறந்திருந்தால் இப்போது எண்ணால் திறந்து பாருங்கள். இரண்டும் வேறு வேறு சர்வர் என்று விண்டோஸ் நம்பிவிடும்.

எல்லாப் படியும் ஏறிய பிறகும் ஒரு கோளாறு பாக்கி இருக்கும். நான் பார்த்ததிலேயே குறும்புக்காரக் கோளாறு அது. பிங் போகிறது, கடவுச்சொல்லை ஏற்கிறது, நாலு கோப்புள்ள ஃபோல்டர் திறக்கிறது. நானூறு படமுள்ள ஃபோல்டரைத் திறந்தால் உறைந்து நிற்கிறது. சின்னது போகிறது, பெரியது போவதில்லை. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்துக்குள் 1500 பைட் வரைதான் அடைக்கலாம் என்று 1980-ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் வெளியிட்ட வரையறையிலேயே இருக்கிறது. வேகம் கூடும் என்று யாரோ சொல்லக் கேட்டு, லேப்டாப்பிலும் நாஸிலும் ‘ஜம்போ ஃபிரேம்’ அமைப்பை இயக்கி அதை 9000 ஆக்கியிருப்பார்கள். இரு முனைகளும் சம்மதம். நடுவில் கேபிள்களை இணைக்கும் மலிவு விலை சுவிட்ச் பெட்டியை யாரும் கேட்கவில்லை. அது 1500-ஐத் தாண்டியதை ஒரு வார்த்தையும் சொல்லாமல் கீழே போட்டுவிடுகிறது. விண்டோஸ் பிங் இயல்பாக அனுப்புவது 32 பைட்தான் என்பதால் அதற்கு இது தெரியவே தெரியாது. அதே பிங்கை 8972 பைட் கனத்தில், வழியில் உடைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுப்பிப் பாருங்கள். தலைப்புகளுக்கு 28 பைட் சேர்ந்தால் சரியாக 9000. பதில் வரவில்லையா? 1472-ஆகக் குறைத்து அனுப்புங்கள், 28 சேர்ந்தால் 1500. இது போய் அது போகவில்லையென்றால், இரு முனைகளிலும் ஜம்போவை அணைத்துவிடுங்கள். நானூறு படமும் திறக்கும்.